எந்த லீக் பலமானது? ஜொகூரிலிருந்து ஒரு கணக்கு

ஜொகூர் பாருவில் லார்க்கின் பக்கம், ஆட்டம் முடிந்த இரவில் ஏதாவது ஒரு மாமாக் கடையில் போய் உட்காருங்கள். திரையில் உள்ளூர் அணியான ஜேடிதி அடித்த கோலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பார்கள். மேசையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்கும். பக்கத்து மேசையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"என்னா தம்பி, பதினோரு சீசனா லீக் கிண்ணத்த வேற எவனும் தொடல. தாய்லாந்து லீக்குல கொண்டுபோய் விட்டாலும் நம்மாளுங்கதான் சாம்பியன்."

"இங்க அடிக்கிறாங்கண்ணே, சரி. அங்க உள்ளவன் இங்க உள்ளவன் மாதிரியேவா இருப்பான்?"

"ஜப்பான்காரன், காஷிமா, அவனையே அடிச்சோமே!"

"அது ஒரு ஆட்டம்ண்ணே."

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தம்பி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. தங்களுக்குள் அதிகம் மோதாத இரண்டு லீக்குகளில் எது பலமானது என்ற கேள்வியைக் கணித அறிஞர்கள் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாகப் பிடித்து ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்ததை ஜொகூரின் ஆட்டங்களை வைத்தே பார்க்கலாம்.

வெற்றியும் தோல்வியும் சமம்

ஜொகூர் டாருல் தாக்சிம், சுருக்கமாக ஜேடிதி, 2014 முதல் 2024–25 வரை ஒரு சீசனும் விடாமல் 11 முறை மலேசிய சூப்பர் லீக்கை வென்ற அணி. இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் கணக்கு தொடங்குகிறது.

2024–25 சூப்பர் லீக்கில் 13 அணிகள் ஆடின. ஒவ்வொன்றும் மற்ற 12 அணிகளோடு இரண்டு முறை மோதியது. மொத்தம் 156 ஆட்டங்கள். எல்லா முடிவுகளையும் ஒரு தாளில் எழுதி, வெற்றிகளை ஒரு பக்கமும் தோல்விகளை மறுபக்கமும் கூட்டிப் பாருங்கள். இரண்டும் சரிசமமாக இருக்கும். ஒருவர் வென்றால் இன்னொருவர் தோற்றிருக்க வேண்டும் அல்லவா? அடித்த கோலும் வாங்கிய கோலும் அப்படியே சமமாகும்.

ஜப்பானின் ஜே லீக்கிலும் இதே சமம்தான். நம் தாமான் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆடும் போட்டியிலும் இதே சமம்தான். பதின்மூன்று ஜாம்பவான்கள் ஒரு லீக்கிலும் பதின்மூன்று பள்ளிக்கூட அணிகள் இன்னொரு லீக்கிலும் ஆடினால், சீசன் முடிவில் இரண்டு பட்டியல்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அணிகளின் பெயர்களை மறைத்துவிட்டால் எது எந்த லீக் என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளுக்குள்ளேயே ஆடும் ஆட்டங்கள், அவை எத்தனை ஆயிரமானாலும், அந்த லீக் உயரத்தில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்று காட்டுவதில்லை.

ஆகவே 11 கிண்ணங்கள் சொல்வது ஓர் இடைவெளியைத்தான். ஜேடிதிக்கும் மற்ற மலேசிய அணிகளுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. ஜேடிதி மிக உயரமாக இருப்பதாலும் இந்த இடைவெளி வரலாம், மற்றவர்கள் குட்டையாக இருப்பதாலும் வரலாம். எது என்று அறிய வேண்டுமானால் வேலியைத் தாண்டி ஆடிய ஆட்டங்கள் வேண்டும்.

பாலம் எங்கே ஊன்றுகிறது?

ஜொகூர்க்காரர்களுக்குப் பாலத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 1924-ல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான் நீளம். அந்த ஒரு கிலோமீட்டர் இரண்டு கரைகளின் வாழ்க்கையையும் இணைத்து வைத்திருக்கிறது. லீக்குகளுக்கு நடுவே ஆடப்படும் ஆட்டங்களும் இப்படிப்பட்ட பாலங்களே.

ஜெர்மானியக் கணித அறிஞர் எர்ன்ஸ்ட் செர்மெலோ 1929-ல் சதுரங்கப் போட்டிகளுக்காக இந்தப் பிரச்சினையை எடுத்துக்கொண்டார். எல்லாரும் எல்லாரோடும் ஒரே அளவு ஆடாத போட்டியில் ஆட்டக்காரர்களின் பலத்தை எப்படி அளப்பது? அவர் தந்த வழி எளிமையானது. ஒவ்வொருவருக்கும் பலம் என்று ஓர் எண் உண்டு. ஒருவரின் பலம் 3, மற்றவரின் பலம் 1 என்றால், முதலாமவர் வெல்லும் வாய்ப்பு நான்கில் மூன்று. பிராட்லி, டெர்ரி என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1952-ல் தாங்களாகவே இதே முறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்த முறையில் பலம் சங்கிலிபோல் தொடரும். முதலாம் அணி இரண்டாம் அணியைவிட மூன்று மடங்கு, இரண்டாம் அணி மூன்றாம் அணியைவிட இரண்டு மடங்கு என்றால், முதலாம் அணி மூன்றாம் அணியைவிட ஆறு மடங்கு. அவை இரண்டும் நேருக்கு நேர் மோதியதே இல்லை என்றாலும் முதலாம் அணி வெல்லும் வாய்ப்பு ஏழில் ஆறு என்று சொல்லிவிடலாம். ஆனால் செர்மெலோ ஒரு நிபந்தனையையும் கண்டார். எல்லாரையும் இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தில் உள்ள எவரும் மறு கூட்டத்தில் உள்ள எவரையும் வென்றதில்லை என்று சொல்ல முடிந்தால், கணக்கு நின்றுவிடும். பாலத்தில் இரண்டு திசையிலும் வண்டி ஓட வேண்டும்.

பாலம் இருந்தால் மட்டும் போதாது, அக்கரையில் அது எதன்மேல் ஊன்றுகிறது என்பதும் முக்கியம். இதற்கு நம் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. சிங்கப்பூர் அணி 1921 முதல் 1994 வரை மலேசியக் கிண்ணப் போட்டியில் பங்கெடுத்து, 24 முறை கிண்ணத்தை வென்றது. பிறகு விலகியது, 1996-ல் சிங்கப்பூருக்கென்று தனி லீக் பிறந்தது. 2012-ல் மறுபடியும் ஒரு பரிமாற்றம் நடந்தது. சிங்கப்பூரின் லயன்ஸ்டுவெல்வ் அணி மலேசிய லீக்குக்கு வந்தது, மலேசியாவின் ஹரிமாவ் மூடா அணி சிங்கப்பூர் லீக்குக்குப் போனது. 2013-ல் மலேசிய சூப்பர் லீக்கை லயன்ஸ்டுவெல்வ் வென்றது. அதற்கு அடுத்த ஆண்டுதான் ஜேடிதியின் தொடர் வெற்றி தொடங்கியது.

அப்படியானால் 2013-ல் சிங்கப்பூர் லீக்தான் பலமானதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. லயன்ஸ்டுவெல்வ் சிங்கப்பூர் லீக்கில் ஆடிய சங்க அணி அன்று. நாட்டின் திறமையான ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்து அமைத்த அணி. ஹரிமாவ் மூடாவும் அதுபோலப் பொறுக்கி எடுத்த இளையோர் அணிதான். சிங்கப்பூரின் தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்கள் மலேசியச் சங்கங்களை வெல்லக்கூடியவர்கள் என்பது மட்டுமே அந்தக் கிண்ணத்திலிருந்து தெரிந்தது.

2022 ஏப்ரல்: நான்கு அணிகள், பன்னிரண்டு ஆட்டங்கள்

இப்போது ஒரு சின்னப் பட்டியலைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். 2022 ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஜேடிதி இருந்த பிரிவின் ஆட்டங்கள் எல்லாம், பெருந்தொற்றுக் கால ஏற்பாட்டின்படி, ஜொகூரிலேயே நடந்தன. எதிரே ஜப்பான் சாம்பியன் கவாசாகி ஃபுரோந்தாலே, கொரியாவின் உல்சான் ஹுண்டாய், சீனாவின் குவாங்சோ. நான்கு நாடுகள், நான்கு லீக்குகள். லீக்குகளை ஒப்பிட விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்காது.

ஜேடிதி உல்சானை இரண்டு முறையும் 2–1 என்று வென்றது. கவாசாகியோடு ஓர் ஆட்டம் 0–0, மறு ஆட்டம் 0–5. குவாங்சோவை 5–0, 2–0 என்று வென்றது. கவாசாகி–உல்சான் ஆட்டங்களில் ஒன்று 1–1 என்று சமநிலையில் முடிய, மற்றதில் உல்சான் 3–2 என்று வென்றது. முடிவில் ஜேடிதிக்கு 13 புள்ளி, கவாசாகிக்கு 11, உல்சானுக்கு 10, குவாங்சோவுக்குச் சுழியம். ஒரு மலேசிய அணி முதன்முறையாக ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் விலக்குச் சுற்றுக்குப் போனது. அன்றிரவு ஜொகூர் பாரு வெகுநேரம் தூங்கவில்லை.

அதே பட்டியலைக் கோல் வித்தியாசத்தில் படித்துப் பாருங்கள். கவாசாகி +13, உல்சான் +7, ஜேடிதி +4, குவாங்சோ −24. புள்ளிக் கணக்கில் முதலாவதாக இருந்த ஜேடிதி இப்போது மூன்றாவது. அளவுகோலை மாற்றியதும் வரிசை மாறிவிட்டது. புள்ளி, யார் வென்றார் என்று கேட்கிறது. கோல் வித்தியாசம், எவ்வளவு விலகி வென்றார் என்று கேட்கிறது. ஆட்டங்கள் குறைவாக இருக்கும்போது கோல் வித்தியாசமே எதிர்காலத்தை ஓரளவு நன்றாகக் காட்டும். ஒரு கோலில் வரும் வெற்றியில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜேடிதி உல்சானை வென்றது. உல்சான் கவாசாகியை வென்றது. கவாசாகி ஜேடிதியை வென்றது. வட்டமாகச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம். "அவனை அடித்தவனையே நாங்கள் அடித்தோம்" என்று மாமாக் கடையில் போடும் கணக்கு ஏன் செல்லாது என்பதற்கு இந்த வட்டமே சாட்சி. செர்மெலோவின் முறை ஒரு சங்கிலியை மட்டும் பிடித்துக்கொண்டு போவதில்லை. எல்லாச் சங்கிலிகளையும் ஒரே நேரத்தில் எடைபோட்டு, மொத்த முடிவுகளோடு அதிகம் ஒத்துப்போகும் எண்களைத் தேடுகிறது.

பாலத்தை நம்புமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதலாவது, ஆட்டம் எங்கே நடந்தது? அந்த ஆறு ஆட்டங்களையும் ஜேடிதி தன் ஊரில், தன் மக்கள் முன்னால் ஆடியது. பழகிய புழுக்கம், பழகிய புல், பயணக் களைப்பு இல்லை. சொந்தத் திடலின் பலன் உலகம் முழுவதும் அளந்து பார்த்த உண்மை. பெருந்தொற்றின்போது பார்வையாளர் இல்லாமல் நடந்த ஐரோப்பிய ஆட்டங்களில் அந்தப் பலன் சுருங்கியது. ஆகவே அதில் ஒரு பகுதி பார்வையாளரின் குரலிலிருந்தே வருகிறது. அதே 2022 ஆகஸ்டில் ஜேடிதி ஜப்பானின் சைத்தாமாவுக்குப் போய், உராவா ரெட்ஸ் அணியை அதன் சொந்தத் திடலில் எதிர்கொண்டது. முடிவு 0–5. இரண்டு அணிகளுக்கும் நடுவே உள்ள உண்மையான வித்தியாசமும் திடலின் பலனும் அந்த ஐந்து கோல்களில் கலந்தே இருக்கின்றன.

இரண்டாவது, ஆடியவர்கள் யார்? குவாங்சோ 2013-லும் 2015-லும் ஆசிய சாம்பியனாக இருந்த சங்கம். ஆனால் 2022-ல் ஜொகூருக்கு வந்தவர்கள் அனுபவமில்லாத இளம் ஆட்டக்காரர்கள். சீனாவின் கடுமையான தொற்றுக் கட்டுப்பாடுகளும் சங்கத்தின் பண நெருக்கடியும் அதற்குக் காரணம். ஆறு ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்காமல் 24 கோல் வாங்கித் திரும்பினார்கள். அந்த −24-ஐ வைத்துச் சீன லீக்கை எடைபோட்டால், வராத அணியை வந்த அணியின் பெயரால் அளந்ததாகிவிடும்.

மூன்றாவது, எத்தனை ஆட்டம்? சரிசமமான இரண்டு அணிகள் ஆறு முறை மோதுகின்றன, சமநிலை கிடையாது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட அணி நான்கோ அதற்கு மேலோ வெல்ல வாய்ப்பு எவ்வளவு? நாணயத்தை ஆறு முறை சுண்டும் கணக்குதான். 64 வழிகளில் 22 வழிகள் அப்படி முடியும். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். பலத்தில் எந்த வித்தியாசமும் இல்லாமலே ஒரு பக்கம் 4–2 என்று முன்னிலை பெறுவது அவ்வளவு சகஜம். அதே விகிதம் அறுபது ஆட்டங்களில், 40–20 என்று வந்தால் கதை வேறு. சரிசமமான அணிகளுக்கு அது நூற்றில் ஒரு தடவைகூட நேராது. 2019-ல், முந்தைய ஆண்டின் ஆசிய சாம்பியனான காஷிமாவை ஜேடிதி லார்க்கினில் 1–0 என்று வென்றது மறக்க முடியாத இரவு. ஆனால் தம்பி சொன்னதுபோல், அது ஓர் ஆட்டம்.

ஏரியும் மதகும்

இவற்றையெல்லாம் ஆட்டத்துக்கு ஆட்டம் சேர்த்துக்கொண்டே போக ஒரு வழி உண்டு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ சதுரங்கத்துக்காக அதை அமைத்தார். 1960-ல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும் 1970-ல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் அதை ஏற்றன. 2018 முதல் ஃபிஃபா ஆண்கள் தேசிய அணிகளின் தரவரிசையும் அதே கொள்கையில் நடக்கிறது.

எலோ முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தரப்புள்ளி. வித்தியாசம் 100 என்றால் பலமானவருக்கு எதிர்பார்க்கும் பங்கு 64 விழுக்காடு, 200 என்றால் 76, 400 என்றால் 91. ஓர் ஆட்டத்துக்கு 20 புள்ளி பணயம் என்று வைப்போம். 200 புள்ளி உயரத்தில் இருப்பவர் வென்றால் அவருக்குக் கிடைப்பது 5 புள்ளிதான். தோற்றால் 15 புள்ளி கைவிட்டுப் போகும். ஒருவர் பெறுவது எதுவோ அதுவே மற்றவர் இழப்பது.

இதில் ஒரு லீக்கை ஏரியாக நினைத்துப் பாருங்கள். உள்ளே அலை எவ்வளவு அடித்தாலும் நீரின் மொத்த அளவு மாறாது. வெளியிலிருந்து நீர் வர மதகு வேண்டும். வெளிநாட்டு அணியை வெல்லும்போதுதான் அந்த மதகு வழியாகப் புள்ளி உள்ளே வருகிறது. மலேசியாவுக்குப் பல ஆண்டுகளாக முதன்மையான மதகு ஜேடிதி. 2015-ல் துஷன்பே நகரில் தஜிகிஸ்தானின் இஸ்திக்லோல் அணியை 1–0 என்று வென்று ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்றது. தென்கிழக்காசியாவிலிருந்து அதைப் பெற்ற முதல் சங்கம் அதுவே.

ஆனால் மதகு வழியாக வந்த நீர் வயல் முழுவதும் பரவ வேண்டுமே! ஜேடிதி வெளியே சேர்த்த புள்ளி மற்ற மலேசிய அணிகளுக்குப் போக வேண்டுமானால், அவை ஜேடிதியை அவ்வப்போது வெல்ல வேண்டும், குறைந்தது சமநிலையாவது செய்ய வேண்டும். ஜேடிதி ஏறக்குறைய எல்லா ஆட்டமும் வெல்கிறதென்றால் நீர் முதல் மடையிலேயே தேங்கி நிற்கிறது. எப்போதும் நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவனை வைத்துக் கேள்வித்தாள் எளிதா கடினமா என்று சொல்ல முடியாது. அதுபோல, எப்போதும் வெல்லும் அணியை வைத்து மற்ற பன்னிரண்டு அணிகளின் உயரத்தைத் துல்லியமாக அளக்க முடியாது.

லீக் என்றால் யார்?

இதே சிக்கலை மிகப் பெரிய அளவில் சந்திப்பது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து. முதல் பிரிவில் 350-க்கு மேற்பட்ட கல்லூரிகள், முப்பதுக்கு மேற்பட்ட கூட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன. நவம்பர், டிசம்பரில் பிற கூட்டத்து அணிகளோடு ஆடுவார்கள். ஜனவரிக்குப் பிறகு பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடுவார்கள். மார்ச்சில் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டின் கடைசி இரண்டு மாதம் கட்டிய பாலங்களை வைத்தே கூட்டங்களின் பலம் முடிவாகிறது.

1981 முதல் 2018 வரை அங்கே பயன்பட்ட ஒரு குறியீட்டில் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 விழுக்காடு எடை. எதிரணிகளின் விகிதத்துக்கு 50. எதிரணிகளின் எதிரணிகளுக்கு 25. முக்கால்வாசி மதிப்பெண், நீ யாரோடு ஆடினாய் என்பதிலிருந்தே வந்தது. பேர்பெற்ற கூட்டத்தில் இருப்பதே தகுதியாகிவிடுகிறது என்ற குறை வளர்ந்து, பின்னர் அந்தக் குறியீட்டைக் கைவிட்டார்கள்.

வானிலை ஆய்வாளராக இருந்து கூடைப்பந்துக் கணக்குக்கு வந்த கென் பொமராய், ஒரு கூட்டத்தின் பலத்துக்கு அழகான இலக்கணம் வைத்திருக்கிறார். அந்தக் கூட்டத்துக்குள் ஆடினால் பாதி வெற்றி, பாதி தோல்வி பெறும் என்று எதிர்பார்க்கத்தக்க அணி எவ்வளவு பலமாக இருக்க வேண்டுமோ, அதுவே அந்தக் கூட்டத்தின் பலம். உச்சியில் நிற்கும் ஒரு ஜாம்பவானால் இந்த எண் அதிகம் உயராது. அடியில் கிடக்கும் ஓர் அணியால் அதிகம் தாழாது.

அந்த இலக்கணத்தோடு அண்ணனின் கேள்விக்குத் திரும்பினால் அது இரண்டாகப் பிரிகிறது. ஜேடிதி தாய்லாந்தின் உச்சி அணிகளுக்குச் சமமா? 2024–25 ஆசிய சாம்பியன்ஸ் லீக் எலீட்டின் கிழக்குப் பிரிவில் ஜேடிதி மூன்றாவது, தாய்லாந்தின் புரிராம் யுனைடெட் ஆறாவது. பிறகு 2025 மார்ச்சில் இரண்டும் நேருக்கு நேர் மோதின. புரிராமில் 0–0, ஜொகூரில் 0–1. 180 நிமிடத்தில் ஒரே ஒரு கோல்தான் பிரித்தது. உச்சியில் இரண்டு லீக்குகளும் தோளோடு தோள் நிற்கின்றன என்று அண்ணன் தைரியமாகச் சொல்லலாம்.

மலேசிய லீக் தாய்லாந்து லீக்குக்குச் சமமா என்பது வேறு கேள்வி. பட்டியலின் நடுவில் இருக்கும் மலேசிய அணி நடுவில் இருக்கும் தாய்லாந்து அணியோடு ஆடினால் என்ன ஆகும் என்பதே அதன் பொருள். ஜேடிதியின் எந்த ஆட்டமும் அதற்குப் பதில் தராது. 2022-ல் கோலாலம்பூர் சிட்டி ஆசியாவின் இரண்டாம் நிலைக் கிண்ணத்தில் இறுதியாட்டம் வரை போய், ஓமானின் அல்-சீப் அணியிடம் 0–3 என்று தோற்றது. நாட்டின் மற்ற சங்கங்களின் உயரத்தைப் பற்றி, ஜேடிதியின் 11 லீக் கிண்ணங்கள் சொல்லாத ஒன்றை அந்தப் பயணம் சொல்கிறது. 2024-ல் மீண்டும் உயிர்பெற்ற ஆசியான் சங்கக் கிண்ணத்தின் முதல் சீசனில் மலேசியாவிலிருந்து ஆடியவை கோலாலம்பூர் சிட்டியும் திரெங்கானுவும். அங்கே அவை ஆடிய ஒவ்வோர் ஆட்டமும் இதுவரை யாரும் நடக்காத இடத்தில் போட்ட பலகை.

ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு எந்த நாட்டுக்கு எத்தனை இடம் என்பதைச் சங்கங்களின் பல ஆண்டு ஆசிய முடிவுகளை வைத்தே முடிவு செய்கிறது. இடம் கூடினால் இன்னும் அதிக சங்கங்கள் வெளியே போய் ஆடும், இன்னும் அதிகப் பாலங்கள் எழும். ஆகவே இது வெறும் கடைப்பேச்சாக நின்றுவிடுவதில்லை. ஈப்போவிலோ கோத்தா பாருவிலோ இன்று பந்து உதைக்கும் ஒரு பையன் நாளை எத்தனை வெளிநாட்டுத் திடல்களில் கால் பதிப்பான் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

அடுத்த முறை அந்த மேசையில் இதே பேச்சு வந்தால், ஜேடிதியின் கோலைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, திரையின் அடியில் ஓடும் மற்ற முடிவுகளையும் கொஞ்சம் பாருங்கள். வியட்நாமிலோ தாய்லாந்திலோ, முன்பின் தெரியாத ஒரு திடலில், மலேசியப் பட்டியலின் நடுவிலிருந்து போன ஓர் அணி 1–1 என்று ஆடி முடித்திருக்கும். அண்ணனும் தம்பியும் தேடிக்கொண்டிருக்கும் பதில் அந்த முடிவிலிருந்துதான் தொடங்கும்.